நினைவாற்றல் விற்பனைக்கு: ஒரு பழைய விளம்பரத்தின் வரலாறு

ரெய்னர்ஸ் லேன் புகையிரத நிலையத்தில் இறங்கி அலெக்சாண்ட்ரா அவெனியூ வழியே நடப்போர், எமது கடைகளின் முகப்பைக் கொண்டே எம்மவர் வாழ்வின் நிலையை ஓரளவு கணித்துவிடலாம். அறை வாடகைக்கு உண்டு, சாரதிப் பயிற்சி அளிக்கப்படும், அரங்கேற்றத்துக்கு மண்டபம் ஒழுங்கு செய்து தரப்படும், ஊருக்குப் பொதி அனுப்பலாம் என்றெல்லாம் அறிவிக்கும் துண்டுப்பிரசுரங்களுக்கிடையே இன்னொரு வகைப் பிரசுரமும் இடம்பிடித்திருக்கின்றது. பிள்ளைகளின் உறங்கிக் கிடக்கும் நடுமூளை பத்து வாரங்களில் விழிப்பூட்டப்படும், கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் வாசிப்பார்கள், நினைவாற்றல் பன்மடங்காகும், லெவன் பிளஸ் பரீட்சையில் வெற்றி நிச்சயம், முதியோருக்கும் மறதி நீங்கும் என்று அது உறுதி கூறுகின்றது. விலை மட்டும் அதில் அச்சிடப்படுவதில்லை. தொலைபேசி இலக்கமே உண்டு.

நாம் அறிந்த ஒரு குடும்பம் அவ்வாறானதொரு நிலையத்துக்கு 600 பவுண் செலுத்தியது. தந்தையார் பெற்றோல் நிலையமொன்றில் இரவு வேலை செய்பவர். தாயார் காலை ஐந்து மணிக்கு அலுவலகங்களைத் துப்புரவு செய்யப் போய்வருபவர். பிள்ளைக்கு ஒன்பது வயது. பணம் கட்டி ஆறு வாரங்கள் சென்றபின்னரே தந்தையார் எம்மிடம் வந்து, "இது மெய்தானா? பத்திரிகைக்காரருக்குத் தெரிந்திருக்குமே" என்று வினவினார். பணம் கட்டுமுன் ஏன் வரவில்லை என்று கேட்க எமக்கு நா எழவில்லை. அவருக்கு நாம் வாய்மொழியாகக் கூறியவற்றையும், அன்று கூற மறந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகின்றோம்.

இவ்விளம்பரம் புதியதன்று. இதே லண்டன் மாநகரிலேயே, ஏறக்குறைய இதே வாசகங்களுடன், நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே இது வெளிவரத் தொடங்கிவிட்டது.

1890களின் இறுதியில் வில்லியம் ஜோசப் என்னெவர் என்பவர் லண்டனில் நினைவாற்றற் பயிற்சி முறையொன்றை உருவாக்கினார். கிறிஸ்தோபர் லூயி பெல்மன் என்பவரின் பெயரைத் தாங்கிய பெல்மன் நிறுவனம் அதனைத் தபால் மூலம் கற்பித்தது. பணம் அனுப்பியோருக்குச் சாம்பல் நிற அட்டையிட்ட சிறு நூல்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. உடலுக்குத் தேகப்பயிற்சி எவ்வாறோ உள்ளத்துக்குப் பெல்மனிசம் அவ்வாறு என்பதே அதன் அடிப்படை வாக்குறுதி. மறதி, தயக்கம், சோர்வு, ஒன்றிலும் நிலைகொள்ளாது தாவும் 'வெட்டுக்கிளி மனம்' அனைத்தும் நீங்கும் என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியாயின. முதலாவது உலகப்போர்க் காலத்தில் இவ்வியாபாரம் உச்சத்தை எட்டியது. படைத்தளபதிகளும் கடற்படைத் தளபதிகளும் எத்தனை பேர் மாணவராய்ச் சேர்ந்திருக்கின்றனர் என்று விளம்பரங்கள் தொகை கூறின. சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், நாவலாசிரியர் ரைடர் ஹகார்ட் போன்றோரின் பெயர்களும் இம்முறையோடு இணைத்துப் பேசப்பட்டன. போலி மருந்துகளையும் மோசடி வியாபாரங்களையும் அம்பலப்படுத்திப் பேர்பெற்றிருந்த 'துரூத்' என்னும் வார இதழே பெல்மன் முறையைப் புகழ்ந்து எழுதியது. அப்புகழுரை அடுத்த விளம்பரத்தின் தலைப்பாயிற்று. (பத்திரிகைகள் விளம்பரப் பணத்திலேயே உயிர் வாழ்கின்றன என்பதை வாசகர்கள் இவ்விடத்தில் நினைவிற்கொள்ளவேண்டும். எம்மையும் சேர்த்தே கூறுகின்றோம்.)

மெல்பேர்ண், பாரிஸ், டெல்லி ஆகிய நகரங்களிலும் பெல்மனுக்கு அலுவலகங்கள் இருந்தன. 1930களில் மெற்றோபொலிற்றன் புகையிரதப் பாதையை ஒட்டி வயல்வெளிகள் வீடுகளாகி, இன்றைய ரெய்னர்ஸ் லேன் எழுந்தது. தவணை முறையில் வீடு வாங்கிக் குடியேறி, தினமும் நகரத்துக்குப் போய்வந்த எழுதுவினைஞர்களும் விற்பனைப் பிரதிநிதிகளுமே அத்தகைய விளம்பரங்கள் குறிவைத்த மக்கள். பதவி உயர்வு கிட்டாதா, மேலதிகாரியின் முன் சொல் தடுமாறாதிருக்கக் கற்கமாட்டோமா என்று ஏங்கியவர்கள் அவர்கள். இன்று நாம் நடக்கும் அதே மேடையில் நின்றே அவர்களும் காலை வண்டிக்குக் காத்திருந்தனர். ஆங்கிலேயரும் ஏமாந்தனர் என்று இதனைச் சொல்லவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவரிடமே இச்சரக்கு விலைபோகும் என்பதைச் சொல்கின்றோம்.

பெல்மன் நிறுவனம் மறைந்துவிட்டது. அதன் பெயர் மட்டும் பிரித்தானியச் சிறுவர்களின் சீட்டு விளையாட்டொன்றில் எஞ்சியிருக்கின்றது. சீட்டுகளைக் குப்புற அடுக்கி, இவ்விரண்டாகத் திருப்பி, இணைகளைக் கண்டுபிடிக்கும் அவ்விளையாட்டை எமது பிள்ளைகளும் பாலர் பள்ளியில் ஆடியிருப்பார்கள். அதனைத் தினமும் ஆடும் பிள்ளை அதிலே வல்லவனாகிவிடுவான். அவ்வல்லமை வாய்பாட்டை நினைவில் வைக்கவும் உதவுமா என்பதே பெல்மன் காலத்திலிருந்து இன்றுவரை தொடரும் வினா.

பெல்மனுக்கு முன்னரும் தலையை வைத்துப் பிழைத்தவர்கள் உண்டு. மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்தே ஒருவரின் அறிவையும் குணத்தையும் கூறலாம் என்ற கொள்கையை வியன்னா மருத்துவர் பிரான்ஸ் ஜோசப் கால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பினார். அமெரிக்கரான பௌலர் அதனை லண்டனில் ஒரு தொழிலாகவே நடத்தினார். பழம்பொருட் கடைகளில் இன்றும் காணக்கிடைக்கும், கோடு கீறிக் கட்டம் போட்ட வெண்ணிறப் பீங்கான் தலை அவருடைய பெயரையே தாங்கியிருக்கின்றது. 1870களின் தொடக்கத்தில் எழுத்தாளர் மார்க் டுவெயின் பொய்ப்பெயருடன் அவரிடம் சென்று தமது தலையைக் காட்டினார். நகைச்சுவை உணர்வு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளமே இருப்பதாகப் பௌலர் கூறினார். மூன்று மாதங்கள் கழித்துத் தமது சொந்தப் பெயரில் சென்றபோது அப்பள்ளத்தைக் காணவில்லை. அவ்விடத்தில் எவரெஸ்ட் சிகரம் நின்றது. டுவெயின் தமது சுயசரிதையில் இதனை எழுதியிருக்கின்றார். உலகப் புகழ்பெற்ற நகைச்சுவை எழுத்தாளர் செய்த இச்சோதனைக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. எதிரே இருப்பவர் யாரென்பது கணிப்பவருக்குத் தெரியாதபடி செய்ததே அதன் சூட்சுமம். இத்தனைக்கும் பிரித்தானியாவில் அச்சாத்திரத்துக்கென இருந்த சங்கம் 1967 வரை கலைக்கப்படவில்லை.

இனி அறிவியல் என்ன சொல்லிற்று என்பதற்கு வருவோம்.

பெல்மன் முறை தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1890இல், அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் தமது பெருநூலில் ஓர் எளிய பரிசோதனையை விவரித்திருந்தார். விக்டர் ஹியூகோவின் கவிதையொன்றில் 158 அடிகளை அவர் மனனம் செய்தார். அதற்கு ஏறத்தாழ 132 நிமிடங்கள் பிடித்தன. பின்னர் மில்டனின் காவியத்தில் முதற்காண்டம் முழுவதையும், நாளொன்றுக்கு இருபது நிமிடம் வரை செலவிட்டு, 38 நாட்களில் மனனம் செய்து நினைவாற்றலுக்குப் பயிற்சி கொடுத்தார். அதன்பின் ஹியூகோவிடம் திரும்பி இன்னும் 158 அடிகளை எடுத்துக்கொண்டபோது, நேரம் குறைந்திருக்கவேண்டுமல்லவா? 151 நிமிடத்துக்கும் மேல் சென்றது. அந்நாட்களில் வேறு வேலைகளால் தாம் களைத்திருந்ததையும் அவர் மறைக்கவில்லை. 1901இல் தோர்ண்டைக், வூட்வேர்த் என்னும் இருவர் இவ்விடயத்தை மேலும் ஒழுங்காக ஆராய்ந்தனர். ஒருவகை வடிவங்களின் பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடப் பழகியோர், வேறு வடிவங்களை மதிப்பிடுவதில் அதற்கேற்ற முன்னேற்றத்தைக் காட்டவில்லை. ஒன்றிலே பெற்ற பயிற்சி மற்றொன்றுக்குத் தானாகப் பாய்வதில்லை என்பது அன்றே தெரியவந்துவிட்டது.

இவ்விடத்தில் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எமது முன்னோர் நினைவைப் பயிற்றிச் சாதனை புரியவில்லையா, அவதானக் கலை பொய்யா என்று வினவக்கூடும். நியாயமான வினாவே. மேலைப்புலோலியிலிருந்து சென்னைக்குச் சென்று, திரு.வி.க.வுக்கு ஆசிரியராய் விளங்கிய நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி என்ற பட்டம் பெற்றவர். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் பலர் முன்னிலையில் சதாவதானம் நிகழ்த்தினார். ஒரே வேளையில் வெண்பாவின் ஈற்றடிக்கு விடையிறுத்து, முதுகில் விழும் கற்களை எண்ணி, கணக்குக்கு மறுமொழி கூறி, இடையில் மணியோசையையும் தவறவிடாத அவ்வித்தையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவ்வித்தகர்கள் பத்து வாரத்தில் உருவானவர்களல்லர். இலக்கணமும் இலக்கியமும் இளமை முதற்கொண்டு நெஞ்சிலேற்றி, அவ்வித்தையையே ஆண்டுக்கணக்காகப் பழகியவர்கள்.

இதன் உள்ளியல்பை 1980இல் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரிலுள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் எரிக்சனும் சேஸும் அழகாகக் காட்டினர். சாதாரண மாணவர் ஒருவருக்கு இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பிச் சொல்லப் பழக்கினர். தொடக்கத்தில் ஏழு இலக்கங்களே அவருக்கு நின்றன. இருபது மாதங்களில், சுமார் 230 மணி நேரப் பயிற்சியின்பின், 79 இலக்கங்களை அவர் ஒப்புவித்தார். ஓட்டவீரரான அவர், இலக்கங்களை ஓட்டப்பந்தய நேரங்களாகக் கூட்டிக் கட்டி நினைவில் வைத்தார். பின்னர் இலக்கங்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்தபோது, ஏறக்குறைய ஆறு எழுத்துகளுக்குமேல் அவரால் கூறமுடியவில்லை. வளர்ந்தது அவருடைய நினைவாற்றலன்று. இலக்கங்களைக் கட்டிவைக்கும் ஒரு கைத்திறனே. தவில் பழகியவரின் விரல்கள் தாமாக வீணை வாசிப்பதில்லை.

அடுத்து, கண்கட்டு வித்தை. நடுமூளை விழிப்பூட்டல் என்ற பெயரில் மலேசியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து, தமிழ்நாட்டின் சிறு நகரங்கள்வரை பரவிய வியாபாரம் இது. முதலில் நடுமூளை என்பது யாது என்று கூறிவிடுகின்றோம். மூளைத்தண்டின் மேற்பகுதியில், இரண்டு சென்ரிமீற்றர் அளவில் இருக்கும் சிறு பகுதி அது. கண்ணின் அசைவு, ஒலிக்குத் தலை திரும்புதல், உடலியக்கம், விழிப்பு ஆகியன அதன் பொறுப்புகளுட் சில. பார்க்கின்சன் நோயில் அழிந்துபோகும் கலங்கள் அங்கேயே உள்ளன. அது உறங்கிக் கிடந்தால் பிள்ளை வகுப்புக்கு நடந்து வரமுடியாது, விழித்திருக்கவும் முடியாது. பிறக்குமுன்னரே தொழிற்படத் தொடங்கிவிட்ட ஓர் உறுப்பை எழுப்பிவிடக் கட்டணம் கேட்கின்றார்கள்.

கண்ணைக் கட்டிக்கொண்டு வாசிப்பதும் பழைய கதையே. காஷ்மீரியரான குடா பக்ஸ் 1930களில் லண்டனுக்கு வந்து, கண்மேல் மாவும் பஞ்சும் வைத்துத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வாசித்துக் காட்டினார். 1960களில் சோவியத் நாட்டின் ரோசா குலெஷோவா விரல் நுனியால் நிறங்களையும் எழுத்துகளையும் உணர்வதாகச் செய்திகள் வந்தன. 1966இல் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்ஸ்' இதழில் இதற்கு எழுதிய விடை மிகச் சுருக்கமானது: மூக்கோரம். எவ்வளவு இறுகக் கட்டினாலும் மூக்கின் இருபுறத்துச் சரிவிலும் சிறு இடைவெளி எஞ்சும். அதனூடாகக் கீழ்நோக்கிப் பார்க்கலாம். கண்ணைக் கட்டுவதை விடுத்து, தலை முழுவதையும் மூடித் தோளில் அமரும் இலேசான பெட்டியொன்றைப் பயன்படுத்திச் சோதிக்குமாறு அவர் ஆலோசனை கூறினார். மங்களூரைச் சேர்ந்த உயிர்வேதியியல் பேராசிரியரும், இந்தியப் பகுத்தறிவாளர் சங்கங்களின் கூட்டமைப்பை வழிநடத்தியவருமான நரேந்திர நாயக், நடுமூளைப் பயிற்சி பெற்றதாகக் கூறப்படும் பிள்ளைகள் மூக்கோர இடைவெளியாலேயே பார்க்கின்றனர் என்பதை ஊரூராக விளக்கி வந்தார். வாசிக்கவேண்டிய தாளை மார்புக்குக் கீழே பிடிக்கும்போது வாசிக்கும் பிள்ளை, அதே தாளை நெற்றிக்கு மேலே உயர்த்தினால் ஏன் வாசிப்பதில்லை என்பது எவரும் கேட்கக்கூடிய வினா.

இவ்வாறான சரக்குகள் எமது கடைக் கண்ணாடிகளில் மட்டுமே தொங்குகின்றன என்று கருதவேண்டாம். 2006இல் இங்கிலாந்தின் டர்ஹம் மாவட்டக் கல்வி நிர்வாகம், ஜீ.சி.எஸ்.ஈ. எழுதவிருந்த சுமார் 5,000 மாணவருக்கு மீனெண்ணெய்க் குளிசைகளை வழங்கப்போவதாக அறிவித்தது. குளிசைகளைக் கம்பனி இலவசமாகத் தந்தது. குளிசை உட்கொள்ளாத பிள்ளைகளின் குழுவொன்றை ஒப்பீட்டுக்காக வைப்பதற்கு ஒருவரும் ஏற்பாடு செய்யவில்லை. மருத்துவரும் எழுத்தாளருமான பென் கோல்டேக்கர் 'கார்டியன்' நாளிதழில் இதனை விடாது கண்டித்தார். பெறுபேறு உயர்ந்தால் குளிசையாலா, பிள்ளைகளுக்குக் கிடைத்த புதிய கவனிப்பாலா என்பதை எவ்வாறு அறிவது?

ஒழுங்கான சோதனை எவ்வாறிருக்கும் என்பதை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தார் காட்டினர். 2012இல் வெளியான அவர்களது ஆய்வில், ஏழு முதல் ஒன்பது வயதுவரையான 362 பிள்ளைகள் சீட்டுப் போட்டாற்போல் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு மெய்யான குளிசை, மற்றையதற்கு அதே தோற்றமுள்ள வெறுங் குளிசை. எவருக்கு எது என்பது பெற்றோருக்கும் தெரியாது. ஒட்டுமொத்தமாகப் பயன் தென்படவில்லை. வாசிப்பில் மிகப் பின்தங்கியிருந்த ஒரு பகுதியினரிடம் மட்டும் சிறு முன்னேற்றம் காணப்பட்டது. வியாபாரியாக இருந்தால் அத்துடன் நிறுத்தி விளம்பரம் அச்சிட்டிருப்பான். அவர்கள் நிறுத்தவில்லை. வாசிப்பில் பின்தங்கிய 376 பிள்ளைகளைப் புதிதாகத் தெரிந்தெடுத்து மீண்டும் சோதித்தனர். 2018இல் வெளியான அம்முடிவில் பயன் எதுவும் இல்லை. தாம் முன்னர் கண்டது தமக்கே மீண்டும் கிட்டவில்லை என்று தாமே எழுதி வெளியிட்ட அந்நேர்மையை நாம் போற்றுகின்றோம்.

மூளைப் பயிற்சிக் கணனி விளையாட்டுகளின் கதையும் இவ்வாறே. பி.பி.சி. தொலைக்காட்சியின் துணையோடு ஏட்ரியன் ஓவன் என்னும் நரம்பியல் ஆய்வாளர் நடத்திய சோதனையில் 11,430 பேர் ஆறு வாரங்கள் பயிற்சி செய்தனர். 2010இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது. பழகிய விளையாட்டுகளில் அனைவரும் முன்னேறினர். பழகாத சோதனைகளில், நெருங்கிய தன்மையுடையவற்றில்கூட, அம்முன்னேற்றம் தென்படவில்லை. வில்லியம் ஜேம்ஸ் தனியொருவராய்க் கண்டதைப் பதினோராயிரம் பேர் சேர்ந்து மீண்டும் கண்டனர். 2016 ஜனவரியில், லுமோசிற்றி என்ற விளையாட்டை விற்ற கம்பனி, பாடசாலையிலும் தொழிலிலும் திறமை வளரும், முதுமை மறதி தள்ளிப்போகும் என்று தக்க ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் சுமத்திய குற்றச்சாட்டைத் தீர்ப்பதற்கு 20 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது.

மறுபக்கத்தையும் கூறாவிடின் நாமும் விளம்பரக்காரரைப் போலாவோம். 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 அமெரிக்கரிடம் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வில், காட்சியை விரைந்து உணரும் பயிற்சி பெற்றோரிடம் அத்திறன் பத்து ஆண்டுகளின் பின்னரும் ஓரளவு நிலைத்தது. அக்குழுவினரிடம் மறதிநோய் குறைவாகக் காணப்பட்டதாக 2017இல் ஒரு கணிப்பும் வெளியாயிற்று. அதே ஆய்வில் நினைவாற்றலுக்கென்றே பயிற்சி பெற்றோரிடம் அப்பயன் காணப்படவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும். ஆராய்ச்சியாளரிடையே வாதம் ஓயவில்லை. 2014இல் எழுபதளவு அறிஞர்கள் இவ்விளம்பரங்களைக் கண்டித்துக் கூட்டறிக்கை விட்டபோது, அதற்கு மறுப்பாக நூற்றுக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கதவு முற்றாக அடைபட்டுவிடவில்லை. ஆனால் அங்கே வாதிக்கப்படுவது சிறியதொரு பயன் பற்றியே. பிரசுரம் கூறும் பத்து மடங்கைப் பற்றியல்ல.

இனி எமது முதியோர். மறதி நீங்கும் என்ற வரியைப் படித்துவிட்டுத் தமது ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணத்துடன் விசாரிக்கும் அம்மம்மாமாரும் உள்ளனர். வல்லாரைச் சம்பலை நாம் விட்டுவிடச் சொல்லவில்லை. தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்த அதன் சுவைக்கு ஈடில்லை. ஆயினும் வல்லாரை நினைவாற்றலைக் கூட்டுமா என்று நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, அதற்கு வலுவான சான்று இல்லை என்றே கூறியது. கீரையாக உண்பதில் நட்டமில்லை. போத்தலில் அடைத்து முப்பது பவுணுக்கு விற்கும்போதே யோசிக்கவேண்டும்.

எம்மவரின் மறதிக்கு வேறொரு வேரும் உண்டு. ஷெல் வீச்சுக்கும் இடப்பெயர்வுக்கும் காணாமற்போன பிள்ளைக்கும் பின்னர், உறக்கம் கெட்டு, அடுப்பில் வைத்த பாலை மறக்கும் தாய்க்கு மூளை பழுதாகிவிட்டது என்று பொருளல்ல. மனம் ஒரு விடயத்திலேயே சிறைப்பட்டிருக்கின்றது என்று பொருளாகலாம். யாழ்ப்பாணத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இத்தகைய துயரை நெடுங்காலமாகப் பதிவுசெய்து, 'மனவடு' என்ற நூலைத் தமிழிலேயே எழுதினார். 2002இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஜேன் ஹேர்லிகியும் அவரது சகாக்களும் வெளியிட்ட ஆய்வு எமக்கு இன்னும் நெருக்கமானது. கொசோவோ, பொஸ்னியா அகதிகள் 39 பேரிடம் ஒரே சம்பவத்தைப் பற்றி இருமுறை வினவியபோது, இரண்டு கூற்றுகளுக்குமிடையே முரண்பாடுகள் காணப்பட்டன. அவர்கள் பொய் கூறுவதற்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே இந்நாட்டில் தங்கும் அனுமதி கிடைத்திருந்தது. ஹோம் ஒபீஸ் நேர்காணலில் திகதி மாறிச் சொன்னதற்காக 'நம்பகமற்றவர்' என்று எழுதப்பட்ட எம்மவர் எத்தனை பேர் என்பதை நினைத்துப் பார்க்கின்றோம். அத்தகைய நினைவுக்கு விளையாட்டோ வட்டுடை அணிந்த பயிற்றுநரின் கைதட்டலோ மருந்தல்ல.

மறதி மிகுந்தால் முதலிற் செல்லவேண்டியது குடும்ப வைத்தியரிடம். தைரொயிட் சுரப்பிக் கோளாறு, பி12 உயிர்ச்சத்துக் குறைபாடு, மனச்சோர்வு, உட்கொள்ளும் குளிசைகளின் பக்கவிளைவு ஆகியவற்றாலும் மறதி வரலாம். இரத்தப் பரிசோதனையிலேயே சில தெரியவரும். மரக்கறி மட்டும் உண்ணும் முதியோர் பி12ஐப் பற்றி விசேடமாகக் கேட்கவேண்டும். தேவையெனில் வைத்தியர் நினைவாற்றல் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவார். மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறலாம். இவற்றுக்குக் கட்டணம் இல்லை. 2024இல் 'லான்செற்' மருத்துவ இதழின் ஆணைக்குழு, மறதிநோய்களில் ஏறத்தாழ 45 வீதத்துக்குக் காரணமான 14 ஏதுக்களைப் பட்டியலிட்டது. கேள்விக் குறைவு, உயர் குருதி அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், தனிமை ஆகியன அவற்றுட் சில. நீரிழிவு எமது சமூகத்தில் எவ்வளவு பரந்திருக்கின்றது என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிவர். காது கேட்காத அப்பப்பாவுக்குக் கேட்கும் கருவியைப் பெற்றுக்கொடுக்க வெட்கப்படும் குடும்பங்கள், அவருக்காக ஞாபகசக்தி லேகியம் வாங்குவதை நாம் கண்டிருக்கின்றோம்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எம்மவர் ஏன் அந்தத் தொலைபேசி இலக்கத்தை அழைக்கின்றனர்? அறியாமை என்று ஒதுக்குவோருடன் நாம் உடன்படவில்லை. 1970களின் தரப்படுத்தலில் பல்கலைக்கழகக் கதவு குறுகியதைக் கண்ட தலைமுறை, காணியும் வீடும் போனபின் எவராலும் பறிக்கமுடியாதது கல்வி ஒன்றே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்று ரெய்னர்ஸ் லேனில் லெவன் பிளஸ் வினாத்தாள் செய்கின்றனர். இந்த ஆசையை நன்கு அறிந்தே அப்பிரசுரம் தமிழில் அச்சிடப்பட்டிருக்கின்றது. இலவசமாய்ப் புத்தகம் தந்து, பிள்ளைகளுக்கு வெப்பமான ஓர் இருக்கையும் தந்த ரெய்னர்ஸ் லேன் நூலகம் 2015இல் மூடப்பட்டபோது, அதற்காக ஒலித்த குரல்களில் எமது குரல் மிகத் தாழ்ந்தே ஒலித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தந்தையாருக்கு நாம் மூக்கோரத்து இடைவெளியைப் பற்றிக் கூறினோம். அவர் வாதிக்கவில்லை. வீட்டுக்குச் சென்று, இரவு வேலைக்குப் புறப்படுமுன் மகனை அழைத்து, நிலையத்தில் கொடுத்த அதே கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டி, தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தை அவனது தலைக்குமேலே உயர்த்திப் பிடித்தார். பிள்ளை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் துணியைத் தானே அவிழ்த்துவிட்டு அழுதான். முதல் நாளிலேயே கீழ்ப்பக்கத்தால் எழுத்துத் தெரிந்தது என்றும், மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான் பார்த்தார்கள் என்றும் சொன்னான். ஏன் அன்றே சொல்லவில்லை என்று தந்தையார் கேட்டார்.

"நீங்கள் காசு கட்டிவிட்டீர்கள் அப்பா. அம்மாவும் கைதட்டினா."

மீதி நான்கு வாரங்களுக்கு அவர்கள் செல்லவில்லை. பணம் திரும்பக் கிடைக்கவில்லை.